முதல் தண்ணீர்

மத்தியாஸிடம் ஒரு நீலப் புத்தகம் இருந்தது. மொத்தமே முப்பத்து நான்கு பக்கம். ‘வழிபாட்டு ஒழுங்குகள்: பணியாளர்களுக்கும் இறைமக்களுக்கும்’ என்று அட்டையில் அச்சடித்து, மறைமாவட்டத்திலிருந்து எல்லாப் பங்குக் கோவில்களுக்கும் அனுப்பியிருந்தார்கள். மற்றவர்கள் அதை வாங்கி வேதப் புத்தகத்துக்குள் செருகிவிட்டு மறந்துபோனார்கள். மத்தியாஸ் மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, சிவப்புப் பேனாவால் கோடு இழுத்து, எந்தப் பத்தி எந்தப் பக்கத்தில் என்பது வரைக்கும் மனப்பாடம் செய்து வைத்திருந்தார்.

அதனால் ஜெலாப்பாங் வட்டாரத்தில் அவருக்குச் ‘சர்குலர் மத்தியாஸ்’ என்று பெயர். பூசைக்கு வருகிறவர்கள் நற்கருணை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் எதுவும் சாப்பிடக் கூடாது என்பது ஒழுங்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவிலுக்கு எதிர்க்கடையில் யாராவது தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தால் மத்தியாஸ் வாயைத் திறக்க மாட்டார். கைக்கடிகாரத்தை ஒரே ஒரு தடவை பார்ப்பார். குடிக்கிறவர் பாதியில் கிளாஸைக் கீழே வைத்துவிடுவார்.

அப்பேர்ப்பட்டவரை நற்கருணைப் பணியாளராக நியமித்தது பொருத்தம்தான். கோவிலுக்கு வரமுடியாத நோயாளிகளின் வீட்டுக்கு நற்கருணை எடுத்துப்போக வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு தங்கமுலாம் சிமிழ், அதற்குள் பூசையில் எழுந்தேற்றம் செய்து கிறிஸ்துவின் உடலாக மாறிய அப்பம். சிமிழைச் சின்னப் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டி, சட்டைக்குள் நெஞ்சோடு சேர்த்துக்கொள்வார். வழியில் எங்கும் நிற்கக் கூடாது. வீண் பேச்சுக் கூடாது. காரில் ரேடியோ கூடாது. தான் சுமந்துபோகிறவர் யார் என்கிற நினைப்பு இருக்க வேண்டும். மத்தியாஸுக்கு அந்த நினைப்பு உண்மையாகவே இருந்தது. லோரிகள் ஹாரன் அடித்துக் கடந்துபோகிற சாலையில் அவருடைய பழைய சாகா கார் ஐம்பதுக்கு மேல் போகாமல் தேர் போலப் போகும். அவரைப் பற்றி ஆயிரம் கேலி பேசியவர்களும் இதைக் கேலி செய்ததில்லை.

நான்கு வருடங்களுக்கு முன்னால் அவருடைய வீட்டிலேயே ஒருத்தி நோயாளியானாள். அவருடைய மனைவி அகதா.

அகதாவுக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயதுதான். முதலில் சாவி வைத்த இடத்தை மறந்தாள். பிறகு சந்தைக்குப் போன வழியை மறந்தாள். மகள் கார்மென் கோலாலம்பூரில் வேலை பார்ப்பதை மறந்தாள். கடைசியில் ஒரு நாள் காலையில் காப்பியோடு வந்த புருஷனை ஏறிட்டுப் பார்த்து, “யாரைத் தேடி வந்தீங்க சார்?” என்று மரியாதையாகக் கேட்டாள். மத்தியாஸ் காப்பியை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். அதற்குப் பிறகு அவர் ‘சார்’ ஆகவே இருந்துவிட்டார். கையும் நடுக்கம் கண்டுவிட்டது. எதைக் கொடுத்தாலும் பாதி மடியில்தான் போகும். மூடி போட்ட பிள்ளைக் கோப்பையில்தான் தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் சிமிழோடு வீட்டுக்கு வந்து, மேசையில் வெள்ளைத் துணி விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, “கிறிஸ்துவின் திருவுடல்” என்று சொன்னால் அவள் வாயைத் திறப்பாள். “ஆமென்” சொல்வதை அவள் நிறுத்தி ஒரு வருடம் ஆகிவிட்டது. அதை மத்தியாஸே அவளுக்காக மெல்லச் சொல்லிக்கொள்வார். நீலப் புத்தகத்தில் அதற்கு அனுமதி கிடையாது. அது அவருக்கும் தெரியும். சர்குலர் மத்தியாஸ் தன் வாழ்க்கையில் அறிந்தே செய்த திருட்டு அது ஒன்றுதான். அந்த ஒரு நிமிடத்தில் மட்டும் தானும் அவளும் இன்னும் புருஷன் பெண்டாட்டியாக ஒரே இடத்தில் நிற்பதாக அவருக்குத் தோன்றும். அதை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

இந்த இடத்தில் ஜெயபாலனின் தாயாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். புந்தோங்கில் இருக்கிற அந்தக் கிழவிக்கும் மத்தியாஸ்தான் நற்கருணை கொண்டுபோனார். எண்பத்தைந்து வயது, நினைவு போயே போய்விட்டது. எட்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிறு, அப்பத்தை வாங்கி விழுங்கிவிட்டுப் பல்லில்லாத வாயை மறுபடி திறந்து, “இன்னொன்னு குடு தம்பி” என்றாள். மத்தியாஸுக்குச் சுருக்கென்றது. புத்தகத்தின் இருபத்திரண்டாம் பத்தி என்ன சொல்கிறது? நினைவு தவறியவர்கள் நற்கருணையைச் சாதாரண உணவிலிருந்து பிரித்தறிய முடிந்தால் கொடுக்கலாம். இந்த அம்மா பிஸ்கட் கேட்கிற மாதிரியல்லவா கேட்கிறார்? அடுத்த வாரத்திலிருந்து அவர் புந்தோங் பக்கம் போகவில்லை.

ஜெயபாலன் கோவில் வாசலில் அவரை மறித்துக் கேட்டான். “அண்ணே, ஞாயித்துக்கிழமை ஆனா அம்மா குளிச்சு, பவுடர் போட்டு, வாசல்ல உக்காந்துக்கிறாங்க. நான் என்னான்னு சொல்றது?”

“ரூல் அப்படி இருக்கு தம்பி. பத்தி இருபத்திரண்டு. நீயே படிச்சுப் பாரு.”

“நீங்க படிச்சது போதும் லா அண்ணே” என்று சொல்லிவிட்டு ஜெயபாலன் போனான். அன்றிலிருந்து அவரிடம் பேசுவதில்லை.

இந்த வருடத் தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு. மத்தியாஸ் வழக்கம்போல வந்தார், துணி விரித்தார், மெழுகுவர்த்தி ஏற்றினார். பாப்பா என்கிற பக்கத்து வீட்டுப் பெண்மணி அகதாவைக் குளிப்பாட்டி, தலைவாரி உட்கார வைத்துவிட்டுப் போயிருந்தாள். மாரியம்மன் பக்தையான அவள்தான், மத்தியாஸ் தொழிற்சாலையில் ஸ்டோர் வேலைக்குப் போகிற நாட்களில் அகதாவுக்குத் துணை.

“கிறிஸ்துவின் திருவுடல்.”

அகதா வாயைத் திறந்தாள். வாங்கினாள். நாக்கால் அப்படியும் இப்படியும் தள்ளினாள். பிறகு துப்பிவிட்டாள். அப்பம் பாதி நனைந்து அவள் ரவிக்கையில் ஒட்டிக்கொண்டது.

“உப்பே இல்ல” என்றாள்.

மத்தியாஸுக்கு ஒரு கணம் காது அடைத்துக்கொண்டது. கை மட்டும் தன் வேலையைச் செய்தது. இப்படி நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கும் பத்தி உண்டு. அப்பத்தை எடுத்து ஒரு கண்ணாடிக் கிளாஸில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டார். ரவிக்கையில் பட்ட இடத்தைத் தண்ணீர் தொட்டுத் துடைத்துப் பிழிந்து, அந்தத் தண்ணீரையும் அதிலேயே சேர்த்தார். விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரை நிறைந்துவிட்டது. அப்பம் முழுதாகக் கரைந்த பிறகு, காலடி படாத மண்ணில் ஊற்ற வேண்டும். சாக்கடையில் சேரக்கூடாது. கிளாஸை ஒரு தட்டால் மூடி, அகதாவின் கைக்கு எட்டாதபடி அலமாரி உச்சியில் வைத்துவிட்டுப் பங்குத்தந்தைக்குப் போன் செய்தார்.

பங்குத்தந்தை கால்வினுக்கு முப்பத்தாறு வயது. பொறுமையாகக் கேட்டார்.

“ஒரு தடவை துப்பிட்டாங்க, அவ்வளவுதானே அங்கிள். அடுத்த வாரம் பாப்போம்.”

“உப்பில்லன்னு சொல்றா ஃபாதர். சாப்பாடுன்னு நினைக்கிறா. அதுக்கு மேல என்னா வேணும்? ஜெயபாலன் அம்மாவுக்கு ஒரு ரூல், என் பொண்டாட்டிக்கு ஒரு ரூலா?”

“இருபத்திரண்டாம் பத்தியை முழுசாப் படிச்சீங்களா அங்கிள்?”

“எனக்கு மனப்பாடம் ஃபாதர்.”

“சரி. ஞாயித்துக்கிழமை சிமிழ்ல எத்தனை வைக்கணும்னு நீங்களே சொல்லுங்க. ஒண்ணு வைக்கணுமா, வேணாமான்னு. நீங்க என்ன சொன்னாலும் நான் ஒத்துக்கிறேன்.”

இதைவிட அவர் திட்டியிருக்கலாம். பாரத்தைத் தூக்கி மத்தியாஸின் தலையிலேயே வைத்துவிட்டார். வேண்டாம் என்று சொன்னால் அகதாவுக்கு இனி நற்கருணை கிடையாது. அந்த ஞாயிற்றுக்கிழமை நிமிடமும் கிடையாது. மெழுகுவர்த்தியை ஊதி அணைத்துவிட்டு ஒரு சாரும் ஒரு நோயாளியும் எதிரெதிரே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். வேண்டும் என்று சொன்னால் ஜெயபாலனின் முகத்தில் எப்படி முழிப்பது? திங்கட்கிழமை முழுக்க மத்தியாஸ் இதையே மென்று கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்வதாகத்தான் முடிவு. நியாயம் என்றால் அதுதான் நியாயம். சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் பன்னிரண்டரைக்குத் தொழிற்சாலையில் இருந்தபோது பாப்பாவிடமிருந்து போன் வந்தது.

“அண்ணே, கொஞ்சம் வீட்டுக்கு வாங்க லா. பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகல. அக்காதான் கிளாஸை விட மாட்டேங்கிறாங்க.”

“எந்த கிளாஸ்?”

“அலமாரி மேல இருந்துச்சே. அழுக்குத் தண்ணியா கெடக்கு, கழுவி வைப்போமேன்னு எடுத்தேன். சிங்க்குகிட்ட போறதுக்குள்ள பறந்து வந்து என் கையைப் புடிச்சுட்டாங்கண்ணே. வாங்கிட்டுப் போயி உக்காந்தவங்கதான். பத்து மணியிலேர்ந்து மடியில வச்சுப் புடிச்சுக்கிட்டே இருக்காங்க. சாப்பாடும் வேணாமாம், பாத்ரூமும் வேணாமாம். நான் என்னா தப்பு பண்ணேன்னே தெரியல.”

அந்தக் கையில் அந்தக் கிளாஸா? இந்நேரம் தரையெல்லாம் கொட்டியிருக்கும். சூப்பர்வைசரிடம் சொல்லிக்கொண்டு ஓடினார். அடுக்குமாடியில் மூன்றாம் மாடி வீட்டுக்கு ஒரே மூச்சில் ஏறினார்.

கதவருகே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

அகதா நாற்காலியின் நுனியில், முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளுக்கும் நடுவில் கிளாஸ். அதன் மேல் ஒரு வெள்ளைக் கைக்குட்டை, மூலைக்கு மூலை சேர்த்து மடித்துப் போட்டிருந்தது. கை நடுங்கவில்லை. மத்தியாஸ் அருகில் போய்க் குனிந்து பார்த்தார். மடி காய்ந்திருந்தது. தரை காய்ந்திருந்தது. தண்ணீர் அதே ஒரு விரல் அளவுக்குக் கீழே அசையாமல் நின்றது. ஒரு வாய் காப்பியைச் சிந்தாமல் குடிக்க முடியாதவள் இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாக இதைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்துவிட்டது அப்போதுதான் உறைத்தது. திரும்பிப் போய்க் கழற்றிவிட்டு வந்தார்.

“அகதா, குடுமா” என்று கையை நீட்டினார்.

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“கை கழுவுனீங்களா சார்?”

மத்தியாஸ் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தார். அப்போதும் அவள் கொடுக்கவில்லை.

“இது முதல் தண்ணி. கண்ட எடத்துல ஊத்தக் கூடாது. மண்ணுலதான் ஊத்தணும்.”

முதல் தண்ணி. அந்தச் சொல்லைக் கேட்டதும் மத்தியாஸுக்கு எல்லாம் விளங்கியது. செம்மோர் டவுனுக்கு அப்பால் பெல்மோர் ரப்பர் தோட்டத்தில் இருந்த காலத்தில், அங்கிருந்த சின்னக் கோவிலின் பீடத்துணிகளைத் துவைத்தவள் அகதா. பதினாறு வருடம். பூசைப் பாத்திரத்தைத் துடைக்கிற வெள்ளைத் துணியில் நற்கருணையின் துகள் ஒட்டியிருக்கக்கூடும் என்பதால், அதை முதலில் வெறும் தண்ணீரில் அலசி, அந்த முதல் தண்ணீரைக் கோவிலுக்குப் பின்னால் மண்ணில் ஊற்றுவாள். பிறகுதான் சோப்பு. வாராவாரம் அவள் அதைச் செய்துகொண்டிருந்தபோது மத்தியாஸ் முன்வாசலில் ஆண்களோடு பந்து விளையாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். அந்தக் காலத்தில் அவருக்கு ஒழுங்கும் தெரியாது, பத்தியும் தெரியாது. அவளும் எந்தப் புத்தகத்தையும் படித்ததில்லை.

“எங்க ஊத்துறது?” என்று கேட்டார்.

பாப்பாவுக்கு இதெல்லாம் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் இருந்தது. சாமி தண்ணீர் என்பது மட்டும் புரிந்துவிட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “நம்ம வீட்டுத் துளசித் தொட்டியில வேணா ஊத்திக்குங்கண்ணே. சுத்தமாத்தான் வச்சிருக்கேன்.”

“இருக்கட்டும் தங்கச்சி. கோவிலுக்கே கொண்டு போயிடுறோம்.”

மூன்று மாடி இறங்க வேண்டும். அகதாவைக் கூட்டிக்கொண்டு இறங்குவது எப்போதும் பெரிய பாடு. பாதியில் நின்று, அடுத்த காலை எங்கே வைப்பது என்று மறந்துவிடுவாள். மத்தியாஸ் முன்னால் பின்புறமாக ஒவ்வொரு படியாக இறங்கினார், விழுந்தால் தாங்கிக்கொள்ள. அவள் விழவில்லை. கிளாஸைப் பார்த்தபடியே, கால் தானாகப் படியைத் தேடிக் கண்டுபிடிக்க, நின்று நின்று இறங்கினாள். கீழே மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த கீழ்த்தள வீட்டு மகேந்திரன் ஏதோ கேட்க வாயெடுத்தவன், அவர்களுடைய முகத்தைப் பார்த்துவிட்டு வழிவிட்டு ஒதுங்கி நின்றான்.

கோவிலுக்குப் போனால் அங்கே ஒரு கூத்து. வளாகம் முழுக்கச் சிமெண்டுக்கல் பதித்திருந்தது. கார் நிறுத்த வசதியாக இருக்கும் என்று போன வருடம் பதித்தார்கள். அந்தக் கமிட்டிக்குத் தலைவர் மத்தியாஸ்தான். மாதா சொரூபம் நிற்கிற கெபியைச் சுற்றிப் பச்சைப் பசேல் என்று இருந்ததைப் பார்த்து ஆசையோடு குனிந்தால், பிளாஸ்டிக் புல். அதை விரிக்கச் சொன்னதும் அவரேதான். பூசைப் பொருட்கள் வைக்கிற அறையில் இதற்கென்றே மண்ணுக்குள் வடிகிற ஒரு தொட்டி உண்டு. ஆனால் அறை பூட்டியிருந்தது. சாவி வைத்திருப்பவர் பாகான் டத்தோவில் ஒரு கல்யாண வீட்டில். மத்தியாஸ் அந்த வெயிலில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு தான் போட்ட தரையைப் பார்த்தார். ஆண்டவருக்கு ஒரு கைப்பிடி மண் மிச்சம் வைக்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

திரும்பிக் காரில் ஏறியபோது அகதா கேட்டாள். “கோவிலுக்குப் போகலியா?”

“இதான் கோவிலு.”

“ஐயோ, இது இல்ல லா சார். நம்ம பெல்மோர் கோவிலு. அங்கதான் செடி இருக்கு.” எதுவுமே தெரியாத ஆளிடம் பேசுகிற சலிப்பு அவள் குரலில் இருந்தது.

கார் செம்மோர் பக்கம் திரும்பியது. டவுன் தாண்டி, தாமான் குடியிருப்புகள் தாண்டி, செம்மண் ரோடான தோட்டத்துச் சடக்கில் இறங்கியதும் குழிகள் தொடங்கின. ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்து இருபது வருடமாகிறது. குலை ஏற்றிய லோரிகள் சடக்கை உழுது வைத்திருந்தன. ஒவ்வொரு குழியிலும் மத்தியாஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் பார்த்தார். கார் ஒரு பக்கம் சாய்ந்தால் அகதாவின் கைகள் மறுபக்கம் சாய்ந்தன. கைக்குட்டைகூட நனையவில்லை.

“நீங்க நன்மை வாங்குவீங்களா சார்?” என்று திடீரென்று கேட்டாள். தோட்டத்தில் நற்கருணைக்கு ‘நன்மை’ என்றுதான் பெயர்.

“வாங்குவேன்.”

“எங்க வீட்டுக்காரரு கோவில்ல நன்மை குடுக்குறாரு. நல்லவருதான். ஆனா ரொம்ப ரூல்ஸ் பாப்பாரு.”

மத்தியாஸ் சடக்கையே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

“அவருகிட்ட சொல்லிறாதீங்க. ஒரு நாளு நான் துப்பிட்டேன் சார். வாயெல்லாம் காஞ்சு போச்சு. முழுங்க முடியல. தெரிஞ்சா கோவிச்சுக்குவாரு.”

“கோவிச்சுக்க மாட்டாரு” என்றார் மத்தியாஸ். கண் மறைத்தது. வண்டியை இன்னும் மெதுவாக்கினார்.

“உங்களுக்கு அவரைத் தெரியாது லா” என்றாள் அகதா.

வாய் காய்ந்த நோயாளிக்கு அப்பத்தை நகக்கண் அளவுக்குப் பிட்டு, ஒரு கரண்டித் தண்ணீரோடு கொடுக்கலாம். இருபத்து மூன்றாம் பத்தி. அதுவும் அவருக்கு மனப்பாடம்தான். அவளிடம் வாய் காய்ந்திருக்கிறதா என்று ஒரு தடவை கேட்கத்தான் அவருக்குத் தோன்றவில்லை.

பெல்மோர் கோவிலின் கதவு போயிருந்தது. தகரக் கூரையில் பாதி போயிருந்தது. செம்பனை மட்டைகளை யாரோ உள்ளே அடுக்கி வைத்திருந்தார்கள். அகதா அதையெல்லாம் திரும்பியும் பார்க்கவில்லை. சுவரை ஒட்டி நேராகப் பின்பக்கம் நடந்தாள். வீட்டில் கழிப்பறைக் கதவு எது என்று தெரியாமல் நிற்கிறவள், லாலான் புல்லுக்கு நடுவே யாரும் காட்டாமல் நடந்தாள். மத்தியாஸ் அவள் பின்னால் போனார். அவள் பின்னால் நடப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை.

அங்கே ஒரு நந்தியாவட்டை நின்றது. செடியாக இருந்தது ஆளுயரத்துக்கு மேல் மரமாகிவிட்டிருந்தது. உடம்பெல்லாம் வெள்ளைப் பூ. அடியைச் சுற்றி வட்டமாகச் செங்கல் பதித்திருந்தது. பாசி பிடித்துப் பாதி மண்ணுக்குள் போயிருந்தாலும் ஒரு கல்லும் இடம் பெயரவில்லை. காலடி படக்கூடாது என்று அவள்தான் என்றைக்கோ பதித்திருக்க வேண்டும். பதினாறு வருடம் அதே தோட்டத்தில் குடியிருந்த மத்தியாஸ் அதை அன்றுதான் பார்த்தார்.

அகதா மெதுவாக முழங்காலிட்டாள். கைக்குட்டையை எடுத்தாள். அப்பம் இருந்த சுவடே இல்லை, வெறும் கலங்கிய தண்ணீர். செங்கல் வட்டத்துக்குள், வேரடியில், நூல் பிடித்த மாதிரி ஊற்றினாள். மண் அதை வாங்கிக்கொண்டது. மத்தியாஸுக்குத் தான் எப்போது முழங்காலிட்டோம் என்று தெரியவில்லை. லாலான் புல் முட்டியில் குத்திக்கொண்டிருந்தது. நாற்பது வருடம் பூசை பார்த்திருக்கிறார். எழுந்தேற்றத்தின்போது மணியடித்தால் தலை குனிந்திருக்கிறார். ஆனால் ஆண்டவர் இங்கே இருக்கிறார் என்று உடம்பே நடுங்கி உணர்ந்தது அந்த நேரத்தில்தான், கூரையில்லாத கோவிலுக்குப் பின்னால், ஒரு கிளாஸ் தண்ணீருக்கு முன்னால்.

அகதா காலி கிளாஸை அவர் பக்கம் நீட்டினாள்.

“ரெண்டாந் தண்ணி?”

கிளாஸை அலசி அந்தத் தண்ணீரையும் ஊற்ற வேண்டும். அதுவும் புத்தகத்தில் உண்டு. அவர்தான் மறந்துபோனார். எழுந்து காருக்கு ஓடி, குடிக்க வைத்திருந்த தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து ஊற்றினார். அவள் அலசி ஊற்றினாள். கைக்குட்டையால் கிளாஸின் உள்பக்கத்தைத் துடைத்தாள். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, “ஆமென்” என்றாள்.

ஒரு வருடமாக அவர் அவளுக்காகத் திருட்டுத்தனமாகச் சொல்லி வந்த சொல்.

எழுந்து காருக்கு வருவதற்குள் எல்லாம் போய்விட்டது. “இது யாரு கிளாஸ்?” என்று கேட்டாள். தாகமாக இருக்கிறது என்றாள். பாட்டிலில் மீதியிருந்த தண்ணீரை அதே கிளாஸில் ஊற்றிக் கொடுத்தார். கை நடுங்கிப் பாதித் தண்ணீர் மடியில் கொட்டியது. மத்தியாஸ் தன் துண்டால் அவள் மடியைத் துடைத்துக்கொண்டே அந்தக் கைகளைப் பார்த்தார். அதே கைகள்தான். அவற்றைத் தொடுவதற்கே அவருக்கு அன்று பயமாக இருந்தது. அவளுக்குத் தன்னைத் தெரியவில்லையே என்று இத்தனை நாளாக உள்ளே வைத்திருந்த மனத்தாங்கல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தெரிய வேண்டியவரை அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அது போதும் என்று இருந்தது.

அன்று மாலை நீலப் புத்தகத்தை எடுத்து இருபத்திரண்டாம் பத்தியைப் படித்தார். சிவப்புக் கோடு போட்ட வரி அங்கே இருந்தது. அதற்கு அடுத்த வரிக்கு அவர் கோடு போடவில்லை. ‘இந்த அறிதலைச் சொல்லால் காட்ட வேண்டும் என்பதில்லை, ஒரு செய்கையோ, ஆயத்தமோ, பக்தியான மௌனமோ போதும்.’ ஆயத்தமோ. மத்தியாஸ் அந்தச் சொல்லிலேயே நின்றார். குளித்து, பவுடர் போட்டு, வாசலில் உட்கார்ந்துகொள்கிறாள். எட்டு மாதம். முப்பதுக்கு மேற்பட்ட ஞாயிற்றுக்கிழமைகள். புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஃபாதர் கால்வின் சிமிழைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தார்.

“என்ன முடிவு அங்கிள்? வைக்கவா, வேணாமா?”

“ரெண்டு வைங்க ஃபாதர்.”

ஃபாதர் இரண்டு வைத்து மூடினார்.

வெளியே வந்தபோது எதிர்க்கடையில் ஜெயபாலன் நின்றுகொண்டிருந்தான். மத்தியாஸ் நெஞ்சின் மேல் ஒரு கையை வைத்தபடி சாலையைக் கடந்து அவனிடம் போனார். வழியில் நின்று பேசக் கூடாது என்பது ஒழுங்கு. ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார்.

“அம்மாகிட்ட போலாம் வா தம்பி, நான் தப்பு பண்ணிட்டேன்.”

ஜெயபாலன் அவருடைய சட்டைக்குள் சிமிழ் புடைத்திருந்ததைப் பார்த்தான். கையிலிருந்த தே தாரிக்கை மேசையில் வைத்துவிட்டு, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு முன்னால் போனான்.

புந்தோங் வீட்டு வாசலில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சேலை, ஈரத் தலை, முகமெல்லாம் திட்டுத்திட்டாகப் பவுடர். கார் வந்து நின்றதைப் பார்த்ததும், என்ன இவ்வளவு நேரம் என்று கேட்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு, முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வாயைத் திறந்தாள். மத்தியாஸ் முதலில் ஒரு கரண்டித் தண்ணீர் கொடுத்து வாயை நனைத்தார். பிறகு அப்பத்தைச் சின்னதாகப் பிட்டுக் கொடுத்தார். மீதித் துண்டையும் மெல்ல மெல்லக் கொடுத்து முடித்தார்.

அவள் கண்ணை மூடி விழுங்கினாள். பிறகு திறந்தாள்.

“இன்னொன்னு குடு தம்பி.”

“அடுத்த ஞாயிறு வாரேம்மா. கண்டிப்பா வாரேன்.”

சிமிழில் இன்னும் ஒன்று இருந்தது. அது அகதாவுக்கு. மத்தியாஸ் ரேடியோ போடாமல், வழியில் எங்கும் நிற்காமல், ஐம்பதுக்கு மேல் போகாமல் வீட்டுக்கு ஓட்டினார்.